கல்யாணக் கட்டில்

"கல்யாணக் கட்டில் இருக்குங்களா?" என்று தோர்பென் என் மனைவியிடம் கேட்டான்.

அடுப்படியில் வாழைப்பழத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது.

ஸ்பானிஷில் இருவர் படுக்கும் கட்டிலுக்கு அதுதான் பெயர். நடப்பது ஓட்டல் பாடம். எல்லாம் தெரியும். அதற்காக அந்தச் சொல்லை அவ்வளவு ஆசையாகச் சொல்ல வேண்டுமா?

என் மனைவி ஒத்தீலியா வெளிநாட்டுக்காரர்களுக்கு எங்கள் வீட்டு முற்றத்திலேயே ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறாள். எங்கள் ஊர் ஆன்டிகுவாவில் பாதி வீடுகளுக்கு இதுதான் பிழைப்பு. எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். எவனும் இந்த டென்மார்க்காரன் மாதிரி அவளைச் சிரிக்க வைத்ததில்லை. நானும்தான்.

அவள் வரவேற்பு மேஜைப் பெண். அவன் அறை கேட்டு வந்தவன். துண்டு கேட்டான், வெந்நீர் கேட்டான், இன்னொரு போர்வையும் கேட்டான்.

"பயணமெல்லாம் எப்படி இருந்துச்சு சார்?" என்றாள்.

என்னை ஒரு நாளும் இப்படி விசாரித்ததில்லை.

"நான் கசாதோ."

கல்யாணமானவனாம். அப்பாடா என்று இருந்தது. அவன் தட்டில் கூடுதலாக இரண்டு துண்டு போட்டேன்.

ஒத்தீலியா விழுந்து விழுந்து சிரித்தாள். "கன்சாதோன்னு சொல்லுங்க. களைப்பா இருக்கேன்னு சொல்ல வந்து, கல்யாணம் ஆயிடுச்சுன்னுட்டீங்க. நடுவுல ஒரு 'ன்' போச்சு பாருங்க."

போட்ட துண்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

அடுத்து வேஷம் மாறியது. அவன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தான். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலிருந்து நடந்து வந்தாள்.

கரண்டியோடு கதவோரம் போய் நின்றேன். இவள் மட்டும் கல்யாணக் கட்டில் கேட்கட்டும், பாடத்துக்கு இன்றோடு முழுக்கு.

"ஒரு ரூம் வேணும்" என்றாள்.

அவனுக்குப் புதிதாகக் கற்ற வித்தையைப் பெண்பாலுக்கு மாற்றிக் காட்ட ஆசை. "நீங்க கசாதாவா, கன்சாதாவா?"

"ரெண்டும்தான்."

இருவரும் சிரித்தார்கள். எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது.

"எத்தனை பேர்?"

"நான் மட்டும்தான்."

போன உயிர் திரும்பி வந்தது. அவன் அந்தக் கணக்கிலேயே இல்லை. கரண்டியைக் கீழே இறக்கினேன்.

"எத்தனை ராத்திரி தங்குவீங்க?"

பாடத்திலேயே சுலபமான கேள்வி அது. ஏதோ ஓர் எண்ணைச் சொன்னால் போதும். ஒத்தீலியாவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"அத அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். "மொதல்ல சாவியக் குடுங்க."

மேஜையில் சாவி எதுவும் இல்லை. அவள் நீட்டிய கையை மடக்கவும் இல்லை.