வீட்டுக்காரர் வரும் நேரம்

தலைமை நீதிபதியாகப் பதவியேற்ற கையோடு அவர் வீட்டுக்கு விரைந்தார். வாழ்த்துச் சொல்ல ஓயாமல் அடித்த செல்போனைக் காரிலேயே அணைத்துவிட்டார். இந்த நாளுக்காக அவரைவிட அதிகம் தவம் கிடந்தவள் அவர் மனைவிதான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் சீஃப் ஜஸ்டிஸ் ஆயிட்டேன்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்." அவள் முகம் மலர்ந்தது. மறுகணமே குரலைத் தாழ்த்தினாள். "ஒரு சின்ன உதவி பண்ணணும் சார். எங்க வீட்டுக்காரரும் ஜட்ஜ்தான். அந்தப் பதவி தனக்குத்தான்னு மலைபோல நம்பிக்கிட்டிருக்கார். அவர் வர்ற நேரம்தான். அவர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க. மனசு ஒடிஞ்சு போயிடுவார்."

"சொல்லமாட்டேம்மா."

"நீங்க நல்லா இருக்கணும்," என்றாள்.

பிறகு இருவரும் அவள் கணவருக்காகக் காத்திருந்தார்கள்.