தனித்தனியாகத் தேய்க்கவும்

"டீக்கு ஒரு தடவை, பன்னுக்கு ஒரு தடவை, தண்ணிக்கு ஒரு தடவையா? ஒண்ணா சேர்த்துத் தேய்ச்சா என்னம்மா?" கடைக்காரர் எரிந்து விழுந்தார்.

"என் மகன் கொடுத்த கார்டு. தனித்தனியாத்தான் தேய்க்கணும்!" என்றாள், அந்த நகரத்துக்குப் புதிதாக வந்திருந்த அம்மா.

"பர்ஸ் நிறைய நோட்டு தெரியுதே, அதைக் கொடுங்களேன்!"

"கார்டு வாங்கப்படும்னு போர்டு மாட்டியிருக்கேல்ல? தேய்ப்பா!"

பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவையும் தேய்த்தார்.

உடனே அவள் கைப்பேசி அலறியது.

"அம்மா! உனக்கென்ன பைத்தியமா? மீட்டிங்ல இருக்கேன், கார்டு தேய்ச்சதா என் போனுக்கு மெசேஜ் மேல மெசேஜா வருது. எவனோ கார்டைத் திருடிட்டான்னு பதறிட்டேன்!"

"கார்டு பத்திரமா இருக்குடா. பார்க்க வந்தவளை லாட்ஜுல போட்டுட்டு, கையில கார்டைத் திணிச்சுட்டுப் போனியே, எத்தனை தடவை போன் அடிச்சேன்! எடுத்தியா?"

"அப்புறம் பேசறேம்மா." வைத்துவிட்டான்.

ஆறிக் கிடந்த டீயை அவள் தொடவே இல்லை. கார்டை மறுபடி நீட்டினாள்.

"இன்னொரு டீ போடுப்பா!"