தேயிலைக்கு ஊற்றிய பால்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அம்மாவைத் தேடி வந்த ஒரு பிள்ளையின் கதை இது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேளுங்கள்.

இலங்கை மலையகத்துப் பூனாகலைத் தோட்டத்தில் வேன் வந்து நின்றபோது, பெரியாயி தான் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு தேயிலைச் செடியின் அடியில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சாமிக்கா, பெரியம்மா?" என்றாள் வேனிலிருந்து இறங்கிய ஜீவராணி. பெரியாயி மிச்சப் பாலையும் ஊற்றி டம்ளரைக் கவிழ்த்தாள்.

ஜீவராணி பண்டாரவளைக்காரி. வெளிநாட்டுக்காரர்களோடு கூடப் போய்ப் பேச்சை மாற்றிச் சொல்வது அவள் பிழைப்பு. இன்று கூட வந்தவள் தயானி. பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்து, கைக்குழந்தையாகவே ஹொலண்டுக்குத் தத்துப் போனவள்.

"பெத்தவளத் தேடுறா பெரியம்மா. எச்சில எடுத்து டெஸ்ட் பண்ணுனதுல தென்னிந்தியப் பக்கத்து ரத்தம்னு வந்திச்சாம். அதான் தோட்டந்தோட்டமா அலையிறோம்."

"அப்ப நம்ம தமிழ்ப் புள்ளதானே?"

"அதெல்லாம் அந்த டெஸ்ட் சொல்லாது. சிங்களவங்களுக்கும் அப்புடி வருமாம். என்னையப் பண்ணுனா என்னென்ன வருமோ!"

பெரியாயி சிரிக்கவில்லை. லயம் லயமாக 'இல்லை' என்ற பதிலையே கேட்டு, அழுது வீங்கிப்போன தயானியின் கண்களைப் பார்த்தாள்.

"எத்தன வயசு?"

"நாப்பது."

"எம் மகளுக்கும் இப்ப அதே வயசுதான்." பெரியாயி தயானியின் கன்னத்தை வருடினாள். "நாந்தான் பெத்தேன்னு சொல்லு."

ஜீவராணி மாற்றிச் சொன்னதுதான் தாமதம், தயானி அவளைக் கட்டிக்கொண்டு கதறிவிட்டாள். அழுது ஓய்ந்ததும் பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்தாள்.

"இதுல கொஞ்சம் துப்புங்க பெரியம்மா. அம்மாவும் மகளும்தானான்னு இது அடிச்சுச் சொல்லிரும்," என்றாள் ஜீவராணி.

"பெத்தவ வாயால சொல்றேன், எச்சியக் கேக்குறீங்களாக்கும்!"

குழாயைத் தள்ளிவிட்டு, ரொட்டியைப் பிட்டுத் தேங்காய்ச் சம்பலில் தோய்த்து ஊட்டினாள் பெரியாயி. உறைப்பில் கண்ணீர் வழிய வழிய வாங்கிச் சாப்பிட்டாள் தயானி.

வேன் கிளம்புமுன் ஜீவராணி மட்டும் இறங்கி ஓடிவந்தாள். "துப்பியிருக்கலாமே பெரியம்மா? அவ மனசும் ஆறியிருக்குமே."

பெரியாயி பால் டம்ளரை முந்தானையால் துடைத்தாள்.

"எம் மக எங்கயும் போவல தாயி. அந்தத் தேயிலைக்கு அடியிலதான் தூங்குறா."

உங்கள் வாசலுக்கு வரும் எந்தப் பிள்ளையும் வெறும் வயிற்றோடு திரும்பாதிருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.