சொல்லாமல் போன தம்பி

"ஒரு வாய் காப்பி குடிச்சா என்னலே? விஷமா கலந்து வச்சிருக்கேன்?"

பிரம்மநாயகிக்கு முகம் சுண்டிவிட்டது. நீட்டிய தம்ளரை வாங்காமல், வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தான் தம்பி குமரகுருபரன்.

அவனுக்குப் பொருநை பேங்க் ஹெட் ஆபீசில் வேலை. டைரக்டர்கள் கூட்டம் நடந்தால் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்வான். அந்த டைரக்டர்களில் ஒருவரும் அதே தெருக்காரருமான காந்திமதிநாதன், எதிர் நாற்காலியில் இரண்டாவது காப்பியை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சமயத்துல வந்தே. அண்ணாச்சி அவுக பேங்க் ஷேரை எனக்குத் தாரேங்காக. சங்கரி கல்யாணத்துக்குன்னு வீரவநல்லூர் வயலை வித்த பணம் சும்மாதான கெடக்கு? தைக்குள்ள ரெண்டு மடங்காயிருமாம். வாங்கட்டுமாலே?"

குமரகுருபரன் காந்திமதிநாதனைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"பேங்க் விஷயம் நான் வெளியில பேசப்படாதுக்கா."

"அவன் சட்டம்லா பேசுவான்!" காந்திமதிநாதன் சிரித்தார். "வெளியாளுக்குப் போறது நம்ம வீட்டுப் பிள்ளைக்குப் போகட்டுமேன்னு பாத்தேன் தங்கச்சி. இல்லைன்னா இதைக் கொடுக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

குமரகுருபரன் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். எழுந்தான். கதவோரம் நின்ற அக்கா மகள் சங்கரியின் தலையை ஒருதரம் தடவினான். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டான். 'போயிட்டு வாரேன்' என்று ஒரு வார்த்தை இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியளா அண்ணாச்சி? கூடப் பொறந்தவன் இவன்! அக்கா நாலு காசு பாத்திருவாளோன்னு வயிறு எரியுது."

"விடு தங்கச்சி. இந்தக் காலத்துல சொந்தம்னா அப்படித்தான்" என்று காந்திமதிநாதன் பேனாவைத் திறந்து கொடுத்தார்.

வீம்புக்கே மொத்தப் பணத்துக்கும் வாங்கினாள் பிரம்மநாயகி. கிளம்பும்போது அவர் வாசலில் நின்று, "போயிட்டு வாரேன் தங்கச்சி, போயிட்டு வாரேன்" என்று இரண்டுதரம் சொன்னார். மனுஷன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்! தம்பியோடு பேச்சு அன்றைக்கே முறிந்தது.

தை பிறந்தது. கல்யாணத் தேதி பார்க்க வேண்டிய நேரத்தில் பேப்பரில் செய்தி வந்தது. கண்டவனுக்கும் அள்ளிக்கொடுத்த கடன் திரும்பாமல் பேங்கே ஆட்டம் கண்டுவிட்டதாம். ஷேரைச் சீண்ட நாதியில்லை. காந்திமதிநாதன் கையில் அப்போது ஒரு ஷேர்கூடக் கிடையாது. முன்கூட்டியே எல்லாவற்றையும் இப்படித் தங்கச்சிமார் தலையில் கட்டிவிட்டிருந்தார்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பிரம்மநாயகி அளக்காமல் போட்டுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துப் போனார்கள்.

அப்போதும் அவள் வாயில் விழுந்தது தம்பிதான். "கல்லுளிமங்கன்! கூட்டத்துல உக்காந்து எழுதுனவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு சாடை காட்டினானா பாவி?" ஏமாற்றியவரைவிட வாய் திறக்காதவன்மேல்தான் ஆத்திரம் ஆறவில்லை.

மாசியில் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு துஷ்டி. மில்லில் வேலைபார்த்த சொந்தக்காரர் ஒருவர் காலமாகிவிட்டார். சங்கரியையும் கூட்டிக்கொண்டு துஷ்டி கேட்கப் போனாள் பிரம்மநாயகி. யாரோ நீட்டிய காப்பியை வேண்டாம் என்று தலையசைத்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள்.

"போயிட்டு வா..." என்று அந்த வீட்டுக்காரியிடம் வாயெடுத்தாள் சங்கரி.

பிரம்மநாயகி வெடுக்கென்று அவள் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தாள்.

"கூறு இருக்காட்டி உனக்கு? துஷ்டி வீட்டுல வாரேன்னு சொல்லலாமா? அங்கன பச்சத்தண்ணி பல்லுல படப்படாது. பேசாம இருந்துட்டு, சொல்லாமதான் எந்திரிச்சு..."

நடுத்தெரு என்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா? என்ன செய்யுது?"

"ஏட்டி சங்கரி... உன் மாமன் அன்னைக்கு நம்ம வீட்டுல துஷ்டி கேட்டுட்டுல்லா போயிருக்கான்!"