ஆரஞ்சு விளக்கும் எதெல்மிராவின் ஜன்னலும்

சீல் உடைக்காத பிஸ்கோ சாராய பாட்டிலோடு தெருவைக் கடந்து வந்தான் கசாப்புக் கடை நிபால்டோ. தாடையை மழமழவென்று சவரம் செய்திருந்தான். மருந்துக் கடை எவரிஸ்டோவின் கண்ணுக்குப் பாட்டில் மட்டும்தான் தெரிந்தது. தன் மண்டையில் அது எந்த இடத்தில் இறங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

“மூணு வாரமா, பொழுது சாஞ்சா எங்கக்கா எதெல்மிரா ஜன்னலுக்கு நேரா கேமராவோட நிக்கிறீங்க. என்ன சார் நடக்குது?”

“ஜன்னல் இல்லப்பா. அதுக்கு முன்னால இருக்கிற தெரு விளக்கு.”

நிபால்டோ அண்ணாந்து பார்த்தான். “நம்ம விக்குன்யா ஊர்ல வானம் முழுக்க நட்சத்திரம். அது சலிச்சுப்போய் விளக்குக் கம்பத்தைப் படம் எடுக்கறீங்களாக்கும்.”

“நட்சத்திர வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சு அளக்கறேன். அளக்க ஸ்கேல் வேணும்ல? இந்தப் பழைய ஆரஞ்சு விளக்கோட வெளிச்சத்தைப் பிரிச்சா எந்தக் கோடு எங்க விழும்னு முன்கூட்டியே தெரியும். அதுதான் ஸ்கேல். தெரு வெளிச்சத்துல வானம் கெடுதுன்னு ஊர் பூரா விளக்கை மாத்திட்டாங்க. மிச்சம் இது ஒண்ணுதான்.”

“அதுவும் கரெக்டா எங்கக்கா ஜன்னல் முன்னாடி.”

“அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

“கேமராவைக் குடுங்க.”

முழு ஆட்டை ஒற்றைக் கையால் கொக்கியில் மாட்டுகிறவன் கேட்கிறான். விஞ்ஞானம் மறு பேச்சில்லாமல் கொடுத்தது.

நிபால்டோ ஒவ்வொரு படமாகத் தள்ளினான். கறுப்பில் ஆரஞ்சுக் கோடு, மஞ்சள் கோடு, மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு. அடுத்ததிலும் அதேதான். கடைசிப் படம்வரை முகம் என்று ஒன்று இல்லை.

எவரிஸ்டோவுக்குத் தைரியம் வந்தது. “இப்ப நம்பறியா? உங்கக்கா பக்கம் நான் தலையைத் திருப்பினதுகூட இல்ல. அங்க ஆள் நின்னாங்களான்னே தெரியாது.”

நிபால்டோவின் முகம் தெளிவதற்குப் பதிலாகத் தொங்கிப்போனது.

“தினமும் புதுசு புதுசா கவுன் மாட்டிக்கிட்டு நின்னாளே சார். நீங்க கூச்சப்பட்டுக் கேமராவுக்குப் பின்னால ஒளியறீங்கன்னு ஊரே சொல்லுச்சு.”

“ஐயோ, நான் விளக்கைத்தான்…”

மேலே ஜன்னல் திறந்தது. எதெல்மிரா வெட்கத்தோடு கையசைத்தாள். நிபால்டோ கேமராவை அணைத்துவிட்டு எவரிஸ்டோவின் தோளில் கை போட்டான். அந்தக் கையை அவன் திரும்ப எடுப்பதாக இல்லை.

“இந்தக் கோட்டுக் கதையெல்லாம் அவகிட்ட சொல்லிடாதீங்க. உள்ள வாங்க மாமா, ஆடு வெட்டியாச்சு.”