செத்த பொறு

ஸ்டான்லி ஆசையாக வாங்கிவந்த அந்த ஜாஸ் இசைத்தட்டில் மெட்டு என்று எதுவும் கிடையாது. சாக்ஸபோன்காரர் மனம்போன போக்கில் அலறுவார். பாதியில் ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்துவார். அப்போது சமையலறையிலிருந்து மனைவி அறிவுச்செல்வி கேட்பாள்: "ஏங்க, பாட்டு எப்பத்தான் ஆரம்பிக்கும்?"

"செத்த பொறு புள்ள, வரும்" என்பார் ஸ்டான்லி. சாக்ஸபோன் மறுபடி அலறும். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து, கறி வேகும்வரை இதுதான்.

அவர் இறந்தபின் வந்த முதல் ஞாயிறு அவளே தட்டைப் போட்டாள். பாதியில் நின்ற சாக்ஸபோன் திரும்ப வரவில்லை. தட்டு சுழன்றது, ஊசியும் அதன்மேல்தான் இருந்தது. பழக்கத்தில், "ஏங்க, பாட்டு எப்பத்தான் ஆரம்பிக்கும்?" என்று கேட்டுவிட்டாள். உடனே சாக்ஸபோன் அலறியது.

வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்த மகள் இளவேனில் வந்தபோது, அம்மா சொன்னதை நம்பாமல், அதே இசையைத் தன் செல்போனில் போட்டுக் காட்டினாள். "ஒரு மூச்சு நேரந்தாம்மா நிக்கிது. ரெக்கார்டு எப்படிம்மா காத்துக்கிட்டிருக்கும்?"

இந்த ஞாயிறு சாக்ஸபோன் நின்றபோது அறிவுச்செல்வி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் பாட்டு வந்துவிடும். வந்தால் முடிந்துவிடும்.

கறி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவள் எழவில்லை. தட்டு சுழன்றுகொண்டே இருந்தது. ஸ்பீக்கருக்குள் யாரோ பதில் சொல்ல வாய் திறந்து, மூச்சைப் பிடித்தபடி இருந்தார்.