முதல் வாசல்

நிலாக் குவாரிக்கு வேலைக்குப் போனவர்களோடு பேச வேண்டுமென்றால் கம்பெனியின் கணினி விளையாட்டுக்குள் போய் அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். நிலாவுக்குப் போன வெள்ளத்தாயின் புருஷன் இருளாண்டி அதில் ஏழாவது மலை வரை ஏறியிருந்தான். ஊரில் பகலெல்லாம் ஜல்லி உடைத்துவிட்டு வந்து விளையாட்டுக் கண்ணாடியை மாட்டிய அவளையோ, முதல் வாசலிலேயே நாய்கள் பதினெட்டுத் தடவை கடித்துக் கொன்றுவிட்டன. எந்தப் பொத்தானை அமுக்கினால் ஓடலாம் என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. யார் செத்தாலும் எல்லோருக்கும் தெரிய வானத்தில் எழுத்து ஓடும்.

திடீரென்று அவன் பெயர் ஓடியது: 'இருளாண்டி, மலையிலிருந்து குதித்துச் செத்தான்.' செத்தவர்கள் முதல் வாசலில்தான் மறுபடி பிறப்பார்கள். வெறுங்கையோடு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஒரு வருசமா ஏறினதெல்லாம் போச்சே, கூறுகெட்ட மனுசா!”

“போவட்டும். உன் சாவ எத்தன தடவ வாசிக்கிறது? புள்ள நடக்குறானா?”